கயத்தாற்று வானம்

திருநெல்வேலிச் சீமைக்குப் பிரயாணம் போகிறவர்கள் பொதுவாக மூன்று காரியங்களை உத்தேசித்துப் போவார்கள். நெல்லையப்பரையும் காந்திமதியம்மையையும் தரிசிப்பது ஒன்று. பாபநாசத்திலோ குற்றாலத்திலோ அருவிக்குத் தலையைக் கொடுப்பது இரண்டு. அல்வா வாங்கிக்கொண்டு திரும்புவது மூன்று. நாங்கள் சென்ற மாசி மாதத்தில் நாலாவதான ஒரு காரியத்துக்காகப் போனோம். ஆகாயத்தைப் பார்த்து வரலாம் என்று போனோம்.

"ஆகாயம் நம் ஊரில் இல்லையாக்கும்?" என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஊருக்கு ஊர் பூமி வேறுபடுவது போல ஆகாயமும் வேறுபடும் என்பதை அப்போது நாங்களும் அறிந்திருக்கவில்லை. அதை எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் எங்களுடன் வந்த நண்பர்.

எங்கள் கோஷ்டியில் மூவர். எழுதுகிற நாங்கள் ஒருவர். அம்பாசமுத்திரத்துக்காரரும் எந்திரவியல் கற்றவருமான நண்பர் ஒருவர். அவருடைய பேரன், பாளையங்கோட்டையில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் சிறுவன், மூன்றாமவன். உண்மையில் பிரயாணத்துக்குக் காரணமே இந்தப் பையன்தான். மெல்லிய பலகைச் சீவல்களையும் வண்ணக் காகிதத்தையும் கொண்டு ஒரு முழ நீளத்தில் அவன் ஒரு விமானம் செய்திருந்தான். அதற்கு எஞ்சின் இல்லை, விசிறியும் இல்லை. "எஞ்சின் எங்கே?" என்று நாங்கள் கேட்டோம். "இது கிளைடர். இதுக்கு எஞ்சின் கிடையாது" என்றான், எங்கள் அறியாமைக்காக இரங்குகிற குரலில். நண்பர் சிரித்தார். அவர் இளமையில் தேசிய மாணவர் படையில் சேர்ந்து, வடக்கே ஓர் ஊரில் கிளைடர் ஓட்டியவர். தாத்தாவின் கதைகள் பேரனுடைய கைக்குள் புகுந்துவிட்டன என்று தெரிந்தது.

கிளைடர் என்பதை நாம் சறுக்கு விமானம் என்று சொல்லலாம். எஞ்சின் இல்லாத விமானம் எப்படிப் பறக்கும் என்று நேயர்களில் சிலர் ஐயுறலாம். மலைச் சரிவில் ஒரு பந்து தானாகவே உருள்கிறதல்லவா? அதே போலக் கிளைடர் காற்றின்மீது சறுக்கிக்கொண்டு வருகிறது. ஓர் அடி இறங்குவதற்குள் இருபது அடி முன்னால் செல்லக்கூடிய கிளைடர் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதை 1,000 அடி உயரத்தில் விட்டுவிட்டால், தரையைத் தொடுவதற்குள் 20,000 அடி தூரம், அதாவது ஏறக்குறைய 4 மைல் போய்விடும். நெல்லையப்பர் கோவிலுக்கு மேலே புறப்பட்டு, ஆற்றைக் கடந்து, பாளையங்கோட்டையில் இறங்கிவிடலாம். போகிற வழியில் மேல்நோக்கி எழும் காற்று ஒன்று கிடைத்துவிட்டாலோ, இறங்கவே வேண்டாம், மேலே ஏறலாம். அந்தக் காற்று எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் வித்தை.

அதைக் கண்டுபிடிப்பதற்காகவே நாங்கள் புறப்பட்டோம்.

நதியின் வழியே

முதல் நாள் விடியற்காலையில் மேற்கு நோக்கிப் பாபநாசம் சாலையில் சென்றோம். தாமிரபரணியின் பெருமையை நாங்கள் சொல்லி நீங்கள் அறிய வேண்டியதில்லை. பொதிகையில் பிறந்து, சுமார் 128 கிலோமீட்டர் தூரம் ஓடி, புன்னைக்காயலுக்கு அருகே கடலில் கலக்கும் இந்த நதி, பிறப்பது முதல் கடலில் சேர்வது வரையில் ஒரே சீமைக்குள் தன் வாழ்க்கையை முடித்துக்கொள்கிறது. ஆனால் அந்தச் சிறிய வாழ்க்கைக்குள் எத்தனை கொடை! சேரன்மாதேவியைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் பிசானப் பயிர் முற்றித் தலை சாய்ந்து நின்றது. கன்னடியன் கால்வாயில் தண்ணீர் சலசலத்தது. கல்லிடைக்குறிச்சியை நெருங்கும்போது பொதிகை மலை நீல நிறத்தில் முழு உருவத்தோடு எதிரே எழுந்து நின்றது. அகஸ்தியர் சிகரத்தின் உயரம் 1,868 மீட்டர். அதாவது 6,000 அடிக்கு மேல்.

எங்களுக்கு அந்தக் காட்சியை விட்டுக் கண்ணை எடுக்க மனம் வரவில்லை. பையன் மட்டும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி வானத்தையே பார்த்துக்கொண்டு வந்தான்.

"தாத்தா! சேரன்மாதேவியிலேர்ந்து ஒரு பருந்துகூட வட்டமிடலையே? கொக்குதான் பறக்குது. அதுவும் றெக்கையை அடிச்சு அடிச்சுப் பறக்குது."

"பார்த்துட்டியா? அதை நாளைக்குச் சொல்லுதேன். இன்னைக்கு மனசிலே வச்சுக்கோ" என்றார் நண்பர்.

பாபநாசத்தில் நதியில் நீராடி, கோவில் தரிசனத்தை முடித்துக்கொண்டு, மலையடிவாரத்தில் ஒரு மருத மரத்தின் கீழே உட்கார்ந்தோம். "இவ்வளவு பெரிய மலை இருக்கிறதே, இங்கே கிளைடர் விடலாமே?" என்று நாங்கள் கேட்டோம். நண்பர் தலையை ஆட்டினார்.

"மலையைப் பார்த்து ஏமாந்து போகக் கூடாது. காற்று மலையில் மோதுகிற பக்கத்தில்தான் மேலே ஏறும். மறு பக்கத்தில் அருவி மாதிரி கீழே விழும். ஆனி, ஆடியிலே தென்மேற்குக் காற்று மலையாளத்துப் பக்கத்தில் மலைமேல் ஏறுகிறது. ஏறுகிறபோது குளிர்ந்து மழையைக் கொட்டுகிறது. பிறகு நம் பக்கம் இறங்கி வருகிறது. ஆடிக் காற்றில் அம்மி பறக்கும் என்கிறோம். அம்மி பறக்கலாம், அந்தக் காற்றில் மலைக்கு அடியிலே கிளைடர் பறந்தால் அது பறப்பதாயிராது, விழுவதாயிருக்கும். வேகமான காற்றெல்லாம் தூக்கிவிடுகிற காற்றல்ல."

இந்த வாக்கியம் எங்கள் மனத்தில் ஆழப் பதிந்தது. கிளைடர் விஷயத்துக்கு மட்டுமே சொன்ன வாக்கியமாக அது தோன்றவில்லை.

காக்கையின் கதை

அந்த மரத்தடியிலேதான் நண்பர் போலந்து தேசத்துக் காக்கையின் கதையைச் சொன்னார்.

எஞ்சின் இல்லாமல் பறக்கும் வித்தையைப் பெரிய இயக்கமாக வளர்த்தவர்கள் ஜெர்மானியர்கள். முதல் உலக யுத்தத்தில் தோற்ற ஜெர்மனியின் கைகளை 1919-ஆம் வருஷத்து வெர்ஸேல்ஸ் உடன்படிக்கை கட்டிப்போட்டது. யுத்த விமானம் கூடாது, விமானப் படை கூடாது என்று விதித்தார்கள். எஞ்சினைப் பிடுங்கினால் பறக்க மாட்டார்கள் என்று நினைத்தார்கள் போலும். ஜெர்மானிய மாணவர்கள் 1920 முதல் வாஸர்க்குப்பே என்னும் குன்றில் ஏறி, எஞ்சின் இல்லாமலே பறக்கத் தொடங்கினார்கள்.

பக்கத்துத் தேசமான போலந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தது. போலந்தின் கதை நமக்குப் புரியக்கூடிய கதை. மூன்று சாம்ராஜ்யங்கள் கூறு போட்டுக்கொண்டதால் 1795-இல் பூமிப்படத்திலிருந்தே மறைந்து போன தேசம் அது. 123 வருஷங்களுக்குப் பிறகு, 1918-இல், மறுபடியும் சுதந்திரம் பெற்றது. புதிய தேசம், செல்வம் இல்லை, ஆனால் வாலிபர்கள் இருந்தார்கள். அவர்களுக்குப் பறக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். ஆயிரக்கணக்கான பேருக்கு எஞ்சின் விமானம் வாங்கிக் கொடுப்பது நடக்கிற காரியமா?

அந்தோனி கோட்ஸ்யான் என்னும் எந்திரவியலாளர் இதற்கு வழி கண்டார். 1902-இல் பிறந்தவர், வார்ஸா நகரில் கல்வி கற்றவர். அந்நகரில் அவர் நடத்திய பட்டறையில் கிளைடர்கள் பிறந்தன. அவற்றுக்கு அவர் வைத்த பெயர்களைக் கேட்டால் நேயர்களுக்குச் சிரிப்பு வரும். 'கொசு' என்று ஒன்று. 'குட்டிக் கழுகு' என்று ஒன்று. ஆரம்பப் பள்ளி மாணாக்கனுக்காக 1932-இல் உருவாக்கிய கிளைடருக்கு 'வ்ரோனா' என்று பெயர். வ்ரோனா என்றால் காக்கை!

மயில் என்றும் கருடன் என்றும் பெயர் வைக்காமல் காக்கை என்று வைத்ததில் ஒரு நயம் இருப்பதாக எங்களுக்குப் பட்டது. காக்கை அழகுக்குப் பெயர் பெற்றதல்ல. உயரத்துக்கும் பெயர் பெற்றதல்ல. ஆனால் எல்லா ஊரிலும் இருப்பது; எல்லார் வீட்டு முற்றத்துக்கும் வருவது. அந்தக் கிளைடரும் அப்படியே. மரச் சட்டம், ஒட்டுப்பலகை, மேலே இழுத்துக் கட்டிப் பூச்சுப் பூசிய துணி. உட்காருவதற்கு ஓர் ஆசனம். ஒடிந்துபோனால் ஒரு நல்ல தச்சர் சரிப்படுத்திவிடலாம். ஆகையால் போலந்தில் நூற்றுக்கணக்கான காக்கைகள் செய்யப்பட்டன.

அந்த நாளில் கற்றுக்கொடுத்த விதம் இன்னும் விசேஷமானது. ஓர் ஆசனந்தான் என்றேன் அல்லவா? ஆகவே வாத்தியார் கூட வர முடியாது. மாணாக்கன் முதலில் தரையிலேயே எதிர்க்காற்றில் உட்கார்ந்து, இறக்கை ஒரு பக்கம் சாயாமல் நேராக வைத்திருக்கப் பழக வேண்டும். பிறகு குன்றின் சரிவில் கிளைடரை நிறுத்தி, மூக்கிலுள்ள கொக்கியில் தடித்த ரப்பர்க் கயிற்றின் நடுப்பகுதியை மாட்டுவார்கள். கயிற்றின் இரண்டு நுனிகளையும் சக மாணாக்கர்கள் பற்றிக்கொண்டு, இரண்டு வரிசையாகப் பிரிந்து சரிவில் இறங்கி ஓடுவார்கள். வாலைப் பிடித்துக்கொண்டிருப்பவர் விட்டதும் கிளைடர் கவணிலிருந்து புறப்பட்ட கல்லைப் போலக் கிளம்பும். முதல் பறப்பு சில வினாடிகள்தான். அப்புறம் எல்லாருமாகச் சேர்ந்து அதை மறுபடி மேட்டுக்கு இழுத்து வர வேண்டும். அடுத்தவன் முறை வரும்.

"ஒருவன் பறப்பதற்குப் பத்துப் பேர் இழுக்க வேண்டும்" என்றார் நண்பர். "நம்ம ஆனித் தேர் மாதிரி. வடம் பிடிக்க ஊர் சேர்ந்தால்தானே தேர் நகரும்?"

கார்ப்பாத்திய மலையடிவாரத்தில் பெஸ்மியெகோவா என்னும் கிராமத்திலும் வேறு இடங்களிலும் இப்படிப்பட்ட பள்ளிகள் நடந்தன. விவசாயிகளின் பிள்ளைகளும் குமாஸ்தாக்களின் பிள்ளைகளும் அங்கே பறந்தார்கள். சுதந்திரம் பெற்றுப் பதினைந்து வருஷங்களுக்குள் ஓர் ஏழைத் தேசம் தன் கையால் செய்த மரக் காக்கைகளில் ஏறி வானத்துக்குப் போய்விட்டது.

"அப்புறம் அந்தக் கோட்ஸ்யான் என்ன ஆனார் தாத்தா?" என்று பையன் கேட்டான்.

"அதையும் நாளைக்குச் சொல்லுதேன்."

கரிசல் பூமியின் செல்வம்

மறுநாள் வடக்கே மதுரைச் சாலையில் கயத்தாற்றுக்குச் சென்றோம். கங்கைகொண்டானைத் தாண்டியதும் உலகமே மாறிவிட்டது. பச்சை என்பது மறைந்து, செம்மண்ணும் கரிசலுமாக ஒரே வெட்டவெளி. அங்கங்கே பனை, உடை மரம், வேலிக்கருவை. முதல் நாள் பார்த்த வயல்களுக்கு முன்னால் இந்தப் பூமி ஏழையாகத் தோன்றியது. தொலைவில் காற்றாலைகள் வரிசை வரிசையாக நின்றன. மாசி மாதமாகையால் அவற்றில் பல சுழலாமல் ஓய்ந்திருந்தன.

கயத்தாறு என்றதும் தமிழர் நெஞ்சில் எழுகிற நினைவு ஒன்று. 1799-ஆம் வருஷம் அக்டோபர் 16-ஆம் தேதி வீரபாண்டிய கட்டபொம்மனைக் கும்பினியார் தூக்கிலிட்டது இந்த ஊரில்தான். அங்கே அமைந்துள்ள நினைவிடத்தில் சிறிது நேரம் மௌனமாக நின்றோம். பையன் தன் மர விமானத்தைக் கீழே வைத்துவிட்டுக் கைகூப்பினான்.

அங்கிருந்து சற்றுத் தூரத்தில் ஒரு பழைய விமானத் தளம் இருக்கிறது. இரண்டாவது உலக யுத்த காலத்தில் பிரிட்டிஷார் அமைத்தது. 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. கடலுக்கு இந்தப் பக்கம் தென்னாடு முழுவதும் கதிகலங்கியது. தென்னாட்டின் பல இடங்களில் விமான ஓடுதளங்கள் எழுந்த காலம் அது. யுத்தம் முடிந்தது, வந்தவர்கள் போனார்கள், தளம் மட்டும் நெடுங்காலம் சும்மா கிடந்தது. அதன் அருகே ஒரு மேட்டில், வேப்ப மர நிழலில் இடம் பிடித்துக்கொண்டோம். ஆட்டு மந்தை ஒன்றை ஓட்டிக்கொண்டு ஒரு பெரியவரும் அங்கே வந்து சேர்ந்தார்.

மணி பதினொன்று ஆயிற்று. வெயில் ஏறியது. திடீரென்று பையன் கூவினான்: "தாத்தா! அங்கே!"

ஒரு பருந்து. இறக்கையை ஒரு முறைகூட அடிக்காமல் வட்டமிட்டது. ஒவ்வொரு வட்டத்துக்கும் சிறிது உயர்ந்தது. பிறகு இரண்டு பருந்துகள், அப்புறம் ஐந்து. கண்ணுக்குத் தெரியாத சுழற்படி ஒன்றில் ஏறுகிறவர்களைப் போல ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின. அவற்றுக்கு வெகு உயரத்தில் ஒரு வெண்மேகத் திட்டு பஞ்சுப் பொதி போல அப்போதுதான் உண்டாகிக்கொண்டிருந்தது.

நண்பரின் முகம் மலர்ந்தது. "நேற்று வைத்த பாடம் இதுதான். வயலில் ஈரம் இருக்கிறது, பயிர் இருக்கிறது. வெயிலின் சூட்டில் பெரும் பங்கு அந்த ஈரத்தை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடும். அதனால் மேலே உள்ள காற்று அவ்வளவாகச் சூடேறாது. இந்தக் கரிசலில் ஈரமில்லை. கறுப்பு நிறம் வேறே. வெயிலை அப்படியே குடித்துவிட்டுச் சூடாகும். அதைத் தொட்ட காற்றும் சூடேறி, இலேசாகி, குமிழி குமிழியாக மேலே எழும். அதில்தான் பருந்து ஏறுகிறது. கிளைடரும் அதில்தான் ஏறும். மேலே போய்க் குளிர்ந்த இடத்தில் மேகம் உண்டாகும். அந்த மேகம் கிளைடர்க்காரனுக்குக் கலங்கரை விளக்கம்."

நாங்கள் திகைத்துப் போனோம். முதல் நாள் நாங்கள் வியந்து வியந்து பார்த்த பசுமையின்மேல் பருந்து ஏறவில்லை. ஏழைப் பூமி என்று எண்ணிய இந்தக் கரிசலின்மேல்தான் ஏறுகிறது. மண்ணில் ஏழையான ஊர் வானத்தில் செல்வமுள்ள ஊராக இருக்கிறது! ஆகாயம் ஊருக்கு ஊர் வேறுபடும் என்று ஆரம்பத்தில் சொன்னது இதைத்தான்.

கோட்ஸ்யானின் முடிவு

பையன் மறக்கவில்லை. "தாத்தா, கோட்ஸ்யான்..." என்று தொடங்கினான். நண்பர் அந்தப் பழைய ஓடுதளத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

1939 செப்டம்பரில் ஜெர்மனி போலந்தின்மேல் பாய்ந்தது. பறக்கக் கற்றுக்கொடுத்த பள்ளிகள் மூடிப் போயின. 1940-இல் வார்ஸாவில் தெருவில் போனவர்களைக் கூட்டம் கூட்டமாகப் பிடித்தார்கள். கோட்ஸ்யானும் அகப்பட்டு ஆஷ்விட்ஸ் கொட்டடிக்கு அனுப்பப்பட்டார். 1941-இல் எப்படியோ விடுதலை கிடைத்தது. வெளியே வந்தவர் வீட்டுக்குள் ஒளிந்திருக்கவில்லை. அன்னிய ஆட்சியை இரகசியமாக எதிர்த்த தாயகச் சேனையில் சேர்ந்து, விரோதியின் விமானத் தொழிலைப் பற்றித் துப்பு அறியும் பொறுப்பை ஏற்றார். ஜெர்மானியர் மறைவாகச் செய்துவந்த ராக்கெட்டைப் பற்றிய செய்திகளைச் சேகரித்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. 1944-இல் சோதனைக்காக ஏவிய ராக்கெட் ஒன்று வெடிக்காமல் ஓர் ஆற்றங்கரையில் விழுந்தபோது, அதன் பாகங்களைத் தாயகச் சேனையார் கைப்பற்றி ஆராய்ந்தார்கள். அவ்வருஷம் ஜூலையில் அவை விமானமேறி லண்டனுக்குப் பிரயாணமாயின. கோட்ஸ்யான் அந்த நாளைக் காணச் சிறைக்கு வெளியே இல்லை. அதற்கு முன்பே மீண்டும் அகப்பட்டுவிட்டார். 1944 ஆகஸ்டில் வார்ஸாவில் பாவியாக் சிறையில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். வயது நாற்பத்திரண்டு.

யாரும் சிறிது நேரம் பேசவில்லை. தேசம் வேறு, காலம் வேறு, ஆயுதம் வேறு. ஆனாலும் கயத்தாற்று மண்ணில் உட்கார்ந்து கேட்கும்போது அந்தக் கதை அன்னியர் கதையாகத் தோன்றவில்லை.

நட்சத்திரப் பெயர்கள்

"நம் தேசத்தில் அந்த மாதிரி யாரும் செய்யவில்லையா?" என்று நாங்கள் கேட்டோம்.

செய்தார்கள், அழகாகச் செய்தார்கள். பாரதம் சுதந்திரம் அடைந்த பிறகு சர்க்காரின் சிவில் விமானப் போக்குவரத்து இலாகா டில்லியில் ஒரு தொழில்நுட்ப நிலையத்தை நடத்தியது. அங்கே ஸ்ரீ எஸ். ராமாமிர்தம் என்ற நிபுணரின் தலைமையில் நம் தேசத்துக் கிளைடர்கள் உருவாயின. அவற்றின் பெயர்களைக் கேளுங்கள். 1958-இல் இரண்டு பேர் முன்னும் பின்னுமாக உட்காரும் கிளைடர் பறந்தது. அதன் பெயர் அசுவினி. 1961-இல் இருவர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் பயிற்சிக் கிளைடர் வந்தது, அது ரோகிணி. 1963-இல் தனி ஒருவருக்கான கார்த்திக். பரணி என்றும் ஒன்று உண்டு. பிற்பாடு 1970-களில் மிருகசீர், ஆர்த்ரா. பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்த எந்தப் பாட்டியும் இதைக் கேட்டுப் புன்னகை புரிவாள். அசுவினி, பரணி, கார்த்திகை, ரோகிணி, மிருகசீரிடம், திருவாதிரை! வானத்துக்குப் போகிறவற்றுக்கு வானத்திலிருந்தே பெயர் எடுத்தார்கள். 1967-இல் பறந்த எஞ்சின் விமானத்துக்கு ரேவதி என்று பெயர் வைத்து இருபத்தேழாவது நட்சத்திரத்தையும் தொட்டுவிட்டார்கள்.

இவற்றுள் ரோகிணிதான் நம் தேசத்துக் காக்கை. மரமும் ஒட்டுப்பலகையும் துணியுமாகச் செய்த எளிய பண்டம். ஆனால் போலந்துக் காக்கையில் இல்லாத சௌகரியம் இதில் உண்டு; வாத்தியார் பக்கத்திலேயே உட்காரலாம். பல கிளைடர் சங்கங்களிலும் தேசிய மாணவர் படையிலும் எத்தனையோ இளைஞர்களுக்கு வானத்தில் அகரம் எழுதிக் காட்டியது ரோகிணி. எங்கள் நண்பரும் அதில் ஏறியவர்தான்.

"முதல் நாள் எப்படி இருந்தது?" என்று கேட்டோம்.

"பயமாகத்தான் இருந்தது. மைதானத்தின் ஒரு கோடியில் ராட்டினம் மாதிரி ஒரு பெரிய உருளை. எஞ்சின் வைத்து அதைச் சுற்றுவார்கள். அதிலிருந்து நீண்ட எஃகுக் கயிறு. மறு கோடியில் நம் கிளைடரின் மூக்கில் மாட்டியிருக்கும். கொடியசைத்ததும் உருளை சுற்றும். காற்றாடி கிளம்புகிற மாதிரி ரோகிணி கிளம்பும். முதுகு ஆசனத்தில் அழுந்தும். வானம் ஒன்றுதான் கண்ணுக்குத் தெரியும். காற்று பேரிரைச்சலிடும். ஏறக்குறைய ஆயிரம் அடி. வாத்தியார் ஒரு பிடியை இழுத்தார். 'டக்' என்று கயிறு விட்டது. அவ்வளவுதான்..."

"அவ்வளவுதான் என்றால்?"

"சத்தம் நின்றுபோயிற்று. காற்று துணிமேல் உரசுகிற சத்தம் மட்டும். கீழே யாரோ மாட்டை அதட்டுகிற குரல்கூட எனக்குக் கேட்டது. பூமி அவ்வளவு பக்கத்தில் இருந்தது. அவ்வளவு தூரத்திலும் இருந்தது. பக்கத்தில் வாத்தியார், 'உன் கையை இறுக்காதே. அது பறக்கட்டும், நீ கெடுக்காமல் இரு' என்றார். அந்த உபதேசம் எனக்கு வாழ்நாள் முழுவதும் உதவியிருக்கிறது."

நண்பரின் குரல் சற்றுக் கரகரத்தது. பேரனுடைய தோளைத் தடவிக்கொடுத்தார்.

களிமண் உருண்டை

பையன் எழுந்தான். மேட்டின் உச்சியில் நின்று, தன் மர விமானத்தை இளங்காற்றுக்கு எதிராக எறிந்தான். அது ஜம்மென்று மூக்கைத் தூக்கி மேலே ஏறியது. ஏறி, திகைத்தாற்போல் நின்றது. மறு கணம் தலைகுப்புற விழுந்தது. மறுபடியும் எறிந்தான். மறுபடியும் அதே கதி. அவன் முகம் வாடிவிட்டது.

"தலைக்கனம் போதாது" என்றார் நண்பர். "மனுஷனுக்குத் தலைக்கனம் ஆகாது, விமானத்துக்கு அது வேண்டும்."

இத்தனை நேரம் கோலை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்த்த ஆட்டுக்காரப் பெரியவர் இப்போது பக்கத்தில் வந்தார். "அண்ணாச்சி, எடைதானே வேணும்?" என்று கேட்டுவிட்டு, தம் தண்ணீர்ப் புட்டியிலிருந்து கொஞ்சம் கரிசல் மண்ணில் ஊற்றிக் குழைத்து, கொட்டைப்பாக்களவு உருண்டை பிடித்துக் கொடுத்தார். பையன் அதை விமானத்தின் மூக்கில் ஒட்டினான். பெரியவர் ஒதுங்கி நிற்கவில்லை; மூச்சைப் பிடித்துக்கொண்டு அருகிலேயே நின்றார்.

இந்தத் தடவை அது நேராகச் சென்றது. மேட்டைத் தாண்டியது, ஆடுகளின் தலைக்கு மேலே போயிற்று. கரிசல் வெளியின் விளிம்பில் ஏதோ ஒரு வெப்பக் காற்று அதைத் தொட்டிருக்க வேண்டும். ஒரு பக்கத்து இறக்கை சற்று எழுந்தது. விமானம் மெதுவாகத் திரும்பி, பாதி வட்டம் போட்டு, எங்கள் கண்மட்டத்துக்கு மேலே எழுந்தது. ஒரு பத்து வினாடி இருக்கும். பிறகு அப்பால் வேலிக்கருவைப் புதரில் போய் இறங்கியது. பையன் ஓடினான். ஆடுகள் நாலாபக்கமும் சிதறின. பெரியவர் அவற்றை விரட்டப் போகாமல் வானத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எஞ்சின் இல்லாமலா இது போச்சு?" என்றார்.

"உங்க மண்ணுதான் எஞ்சின்" என்றார் நண்பர்.

முள்ளில் கிழிந்த காகிதத்தோடும் முள் கீறிய கையோடும் திரும்பி வந்த பையன், மூச்சு வாங்கியபடியே எங்களிடம் கேட்டான்: "நிஜமான கிளைடர் ஓட்ட இங்கே எங்கே கத்துக்கிறது?"

நண்பர் எங்களைப் பார்த்தார். நாங்கள் அவரைப் பார்த்தோம். புனேக்கு அருகே ஹடப்ஸரில் கிளைடர் நிலையம் உண்டு என்று சொல்லலாம். ஆனால் அவன் 'இங்கே' என்றல்லவா கேட்டான்? மேலே பருந்துகள் ஏறிக்கொண்டிருந்தன. கீழே, யுத்தத்துக்கென்று அன்னியர் போட்ட தளம் கிடந்தது. நடுவில் நாங்கள் பதிலில்லாமல் நின்றோம்.

இந்தச் சீமை பிறருடைய வாகனத்தில் ஏறிப் போவதோடு திருப்தியடைந்த சீமையல்ல. ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906-இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியபோது, 'வெள்ளைக்காரன் கப்பல் இருக்கும்போது நமக்கெதற்குக் கப்பல்?' என்று கேட்டவர்கள் இருந்திருப்பார்கள். கம்பெனி நிலைக்கவில்லை, ஆனால் கடல் நம்முடையது என்ற எண்ணம் நிலைத்தது. இந்தப் பக்கத்துக் காற்றையும் நாம் வீணாக்கவில்லை. 1986-இல் தூத்துக்குடிக் கடற்கரையில் தொடங்கிய காற்றாலைகள் இன்று இந்த வெளியெங்கும் பரவி, ஆடிக் காற்றை விளக்கொளியாக மாற்றுகின்றன. காற்றாலைகளைச் சோதிக்கும் சர்க்கார் நிலையமே கயத்தாற்றில் இருக்கிறது. வேகமான காற்றைப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டோம். தூக்கிவிடுகிற காற்றை?

பள்ளிக்கூடங்களும் பொதுப் பணத்தைக் கையாளுகிறவர்களும் இதை யோசிக்க வேண்டும். ஒரு மைதானம், ஓர் உருளை, ஒரு நீண்ட கயிறு, அனுபவமுள்ள ஓர் ஆசிரியர், இரண்டு கிளைடர்கள். இவற்றோடு வடம் பிடிக்கப் பத்துப் பிள்ளைகள். ஒரு காலத்தில் ஏழைப் போலந்தால் முடிந்தது. நம் தேசத்தாலும் முடிந்தது. ரோகிணியைச் செய்த கைகள் நம் தேசத்துக் கைகள்தாமே?

மாலையில் திரும்பும்போது தாமிரபரணிப் பாலத்தின்மேல் வண்டி சற்று நின்றது. நதி பொன்னிறமாக ஓடிக்கொண்டிருந்தது. பையன் கிழிந்த இறக்கையை மடியில் வைத்துக்கொண்டு, மூக்கிலிருந்த களிமண் உருண்டை உதிர்ந்துவிடாமல் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தான். வீட்டில் வேறு மண் கிடைக்காதா என்று நாங்கள் கேட்டோம்.

"கிடைக்கும். ஆனா இது கயத்தாத்து மண்ணு" என்றான்.